அந்த மான் பஸ்ஸில் அடிபட்டதல்ல

தம்பி,

நீயும் நிவேதாவும் பெட்டி சட்டிகளோடு விட்பி ஊரிலுள்ள புது வீட்டுக்குக் குடிபோய் இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை. அதற்குள் மொன்ட்ரியல் பெரியப்பா தொலைபேசி எடுத்து, "பிள்ளை, நீ ஸ்கூல் பஸ்ஸால மானை இடிச்சுப்போட்டு, அதைக் கறியாக்கிச் சம்பந்தி வீட்டுக்காரருக்குக் குடுத்ததாம். மெய்யே?" என்று கேட்டார். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் என்பது அவருக்குத் தெரியும், வீட்டில் மான் கறி சமைத்தோம் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். இன்னொரு கதையில் மானை அடித்தது என் சிநேகிதி டெப்ராவாம், நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேனாம். மூன்றாவது கதையில் அது மானே இல்லையாம், மாடாம். அப்பாவிடம் முறையிட்டால், "எனக்கெண்டால் பஸ் கதைதான் பிடிச்சிருக்கு" என்று வயிறு குலுங்கச் சிரிக்கிறார். ஆகவே உனக்கு எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி ஒருவருக்காவது சொல்லி வைக்க வேண்டும், அது என் பிள்ளையாக இருக்கட்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததில் பாதியாவது உன்னிடம் மிஞ்சியிருக்கும் என்று நம்புகிறேன். மீதிக்கு நிவேதாவைக் கேள். அவள் உன்னைவிட நன்றாக வாசிப்பாள். பக்கத்தில் இருந்து கேட்கட்டும், அவளுக்கும் சேர்த்துத்தான் இது.

வில் என் கைக்கு வந்தது உன்னால்தான். நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது, சமூக நிலையத்தில் வில்வித்தை வகுப்பு வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாய். சேர்த்துவிட்டேன். இரண்டாம் வகுப்போடு "இட்ஸ் சோ போரிங், அம்மா" என்று காருக்குள் ஏறி இருந்துவிட்டாய். கட்டணத்தைத் திரும்பத் தரமாட்டார்கள். மிஞ்சின சோற்றுக்கே தண்ணீர் ஊற்றி வைக்கிறவள் நான், காசு கட்டிய வகுப்பைச் சும்மா விட மனம் வருமா? அடுத்த கிழமை உன்னுடைய இடத்தில் போய் நான் நின்றேன். என் தோளுயரப் பிள்ளைகளுக்கு நடுவில், குளிர் மேலங்கியோடு, ஒரு அம்மா. வாயை மூடி எல்லோரும் சிரித்தார்கள். முதல் நாளே ஒரு பிழை விட்டேன்: அம்பு வைக்காமல் நாணை இழுத்து, எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று சும்மா விட்டேன். பழக்குகிற பெண் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அம்பு இருந்தால் விசை அம்போடு போய்விடும். அம்பு இல்லாவிட்டால் அத்தனை விசையும் வில்லின் மேலேயே திரும்பி விழும், வில் வெடித்துப் போகலாம் என்று அவள் சொன்னாள். வீட்டில் ஒரு காரணமும் இல்லாமல் சத்தம் போடுகிற ஆட்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த வில் நினைவுக்கு வரும். அடி தங்களுக்குத்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. நீ அந்த ஆளாக இராதே.

இரண்டாவது பிழை தாலிக்கொடி. இழுத்து விட்ட நாண் கொடியில் கொளுவி, அம்பு கூரையைப் பார்த்துப் போனது. வீட்டுக்கு வந்து சொன்னேன், கொடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகப் போகிறேன் என்று. அப்பா சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து தலையை நிமிர்த்தி, "கழட்டுறதெண்டால் வில்லைக் கழட்டும், கொடியைக் கழட்டாதேயும்" என்றார். கடைசியில் நெஞ்சுக்கு மேல் கட்டுகிற தோல்கவசம் ஒன்று வாங்கினேன். கொடி உள்ளே, நாண் வெளியே. அன்றிலிருந்து இன்றுவரை இரண்டும் சண்டை பிடித்ததில்லை. ஆனால் மூக்குத்தி எனக்கு உதவிதான் செய்தது. ஏன் என்று சொல்கிறேன், கேள். காலைத் தோள் அகலத்துக்கு வைத்து, இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வில்லை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, பெருவிரலின் அடிச்சதையில் அது சும்மா சாய்ந்திருக்க வேண்டும். இறுக்கினால் வில் திரும்பும், அம்பு பக்கத்தில் போகும். நாணைக் கையால் இழுக்கிறோம் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். கை வெறும் கொக்கி. இழுப்பது முதுகு. இரண்டு தோள்பட்டைகளும் பின்னால் ஒன்றையொன்று தேடி வரவேண்டும். இழுத்த கை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். எனக்கு அது சுட்டுவிரல் வாயின் ஓரத்தில், நாண் மூக்குத்தியில் பட்டும் படாமலும். நாண் தொட்டு மூக்குத்தி குளிர்ந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று தெரியும். என்னுடைய பழைய மாதிரி வில்லில் குறி பார்க்கிற கருவி ஒன்றும் கிடையாது. இலக்கில் ஒரு சின்னப் புள்ளியைப் பார்க்க வேண்டும், அம்பைப் பார்க்கவே கூடாது. பிறகு விரல்கள் தளரும், நாண் தன்பாட்டில் போகும். எங்கே பட்டது என்று எட்டிப் பார்க்கிற அவசரத்தில் வில் பிடித்த கையைக் கீழே போட்டால், போகிற அம்பே கெட்டுவிடும். நான் இதை ஒழுங்காகச் செய்யப் பழகவே வருடங்கள் போயின. அந்த வருடங்களில் நீ பல்கலைக்கழகம் போனாய், வேலைக்குப் போனாய், நிவேதாவைக் கண்டாய். நான் அம்பு விட்டுக்கொண்டே இருந்தேன்.

இனி சம்பந்தி கதை. ஆனி மாதம் உங்கள் கலியாண எழுத்து நடந்த அன்று, பதிவு முடிந்து எல்லோரும் எங்கள் மல்வேர்ன் வீட்டில் சாப்பிட வந்தார்கள் அல்லவா. அப்போதுதான் உன் மாமி, நிவேதாவின் அம்மா, வாசலோடு சுவரில் தொங்கிய வில்லைக் கண்டார். "உது ஆற்றை?" என்றார். என்னுடையது என்றேன். "பொம்பிளையள் உதை வைச்சு என்ன செய்யிறது மச்சாள்? உடுப்புக் காயப் போடுறதோ?" சபை சிரித்தது. அப்பா சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா? "அவ இப்ப வேட்டைக்காரருக்கான வகுப்பும் எடுத்து, சோதினையும் பாஸ் பண்ணி, அட்டையும் எடுத்திட்டா. மான் அடிக்கப் போறாவாம்" என்று பெருமையும் நக்கலும் கலந்து அவிழ்த்து விட்டார். உன் மாமி கையில் இருந்த வடையை வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். "அப்ப நாலாம் சடங்குக்கு மான் கறிதான் எண்டு சொல்லுங்கோ!" எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஓம், மான் கறிதான்" என்றேன். "என்ரை அம்பாலை அடிச்ச மான்." பிறகு அவர், "ஆகட்டும், ஆகட்டும். நாங்கள் எதுக்கும் ஒரு ஆட்டுக்குச் சொல்லி வைப்பம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, ஏசி ஓடுகிற வீட்டில் எனக்கு வேர்த்தது. முருகன் பொம்பிளை எடுத்ததே வேடர் வீட்டில்தானே, வேட்டையில் என்ன குறைச்சல் என்று சொல்லியிருக்கலாம். நல்ல பதில் எனக்கு எப்போதும் கோப்பை கழுவும்போதுதான் வரும்.

நீ அன்றிரவு, "அம்மா, நீங்கள் புரூவ் பண்ணத் தேவையில்லை" என்றாய். தேவை இருந்தது. கலியாணச் சாப்பாடு மண்டபத்தில், மரக்கறி. அதை யாரும் வாங்கலாம். நாலாம் சடங்கு அப்படியில்லை. இரண்டு வீட்டாரும் முதல் முறையாகச் சேர்ந்து மச்சம் மாமிசம் சாப்பிடுகிற நாள், பேர்தான் நாலாம் சடங்கு, இந்த நாட்டில் அது அடுத்த சனிக்கிழமை. அன்று என் வீட்டுச் சட்டியில் என்ன இருக்கும் என்று சபையில் வாயால் சொல்லிவிட்டேன். சொன்னபடி நடக்காவிட்டால், நிவேதா பெறப்போகும் பிள்ளைகளின் பிறந்தநாள்வரைக்கும் உன் மாமி ஆட்டுக்குச் சொல்லி வைப்பார். அவர் கெட்டவர் இல்லை. பகிடியை விடமாட்டார், நானும் விடமாட்டேன். இப்படி இரண்டு பேர் சம்பந்தியானால் ஒருத்தி முதலில் ஜெயித்துக் காட்டத்தான் வேண்டும், அதற்குப் பிறகுதான் சிநேகம்.

ரோசத்தில் செய்கிற காரியம் எதுவும் உருப்படாது என்பதற்கு அந்த ஆடியில் நானே சாட்சி. மானுக்குப் போகிற வில்லுக்கு இவ்வளவு பலம் இருக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. என்னுடைய பழகுகிற வில் அதற்குக் காணாது, பலம் போதாது. சட்டம் கேட்பதோடு நிறுத்தியிருக்கலாம்; நான் அதற்கும் மேலே போய், கடையில் இருந்ததில் பலமானதை வாங்கினேன். இழுத்தால் தோள் காதுக்கு ஏறுகிறது, கை நடுங்குகிறது, மூக்குத்திவரை நாண் வரவே இல்லை. அம்புகள் வைக்கோல் பொதியை விட்டுவிட்டு வேலிக்குப் போயின. வருடக்கணக்காகச் சேர்த்த பழக்கம் இரண்டு கிழமையில் கரைந்து போனது. வெட்கத்தை விட்டு அதைத் திருப்பிக் கொடுத்தேன், பழைய வில்லுக்குத் திரும்பினேன், முதுகுக்குப் பலம் வர வர ஒவ்வொரு படியாக ஏறி, சட்டம் கேட்கிற வில்லுக்கு வந்து சேர்ந்தேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான்: உன்னால் சிரித்துக்கொண்டு இழுக்கக்கூடிய வில்லை எடு. பயிற்சிக்கு என்ன செய்தேன் தெரியுமா? மானின் உடம்பில் நெஞ்சுக்கூடுதான் இடம், அங்கே பட்டால் அது துடிக்காமல் போய்விடும், வேறெங்கு பட்டாலும் பாவம். அந்த இடம் ஏறக்குறைய நம் இடியப்பத் தட்டளவு. ஒரு பழைய தட்டை எடுத்துப் போய் வைக்கோல் பொதியில் தொங்கவிட்டேன். எவ்வளவு தூரத்தில் நின்றால் என்னுடைய எல்லா அம்பும் தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் என் தூரம். அதற்கு அப்பால் நிற்கிற மான் எனக்கு மானே இல்லை. அந்தத் தூரம் பெரிதொன்றும் இல்லை, உன் புது வீட்டின் முன்கதவில் இருந்து பின்வேலிவரை வரும். தட்டுக்கு மேலும் சில ஓட்டைகள் விழுந்தன. இடியப்பம் அவிக்க அது இனிமேல் உதவாது.

டெப்ராவை உனக்குத் தெரியும், கலியாணத்தில் நீலச் சேலையைக் காலணிக்கு மேலே ஒரு முழம் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தவள். என்னோடு பஸ் ஓட்டுகிறவள், என் வயதுதான். லின்ட்சே ஊருக்கு அப்பால் அவளுடைய தம்பிக்குப் பண்ணை இருக்கிறது. சோளக்காட்டின் ஓரத்தில் ஒரு மறைப்புக் கூடாரம் அடித்து, அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். வில் என்னிடம் மட்டும். அவள் மான் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வந்தவள். வார நாளில் காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும், ஆகவே சனிக்கிழமைதான் வேட்டை. அதிலும் பார், இந்த நாட்டில் மானுக்கு ஒரு காலம், நம் வீட்டில் விரதத்துக்கு ஒரு காலம், இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன. நவராத்திரி, கௌரி விரதம், கந்தசஷ்டி. விரத நாளில் கொலைக்குப் போகிறதோ என்று அப்பா முகத்தைத் தூக்கினார், எனக்கும் மனம் வரவில்லை. எல்லாம் போக, கலியாணத்துக்கு முன்னால் கையில் மிஞ்சியவை சொற்பம். எனக்குக் கிடைத்த அனுமதி கொம்புள்ள மானுக்கு மட்டும்.

முதல் சனிக்கிழமை விடிந்து வெளிச்சம் வரும்போதே கொம்பன் ஒன்று தேவதாரு மரங்களுக்குள் இருந்து வெளியே வந்தது. சத்தம் இல்லை, அசைவு இல்லை, எல்லாம் சரி. திடீரென்று அது தலையைத் தூக்கியது, மூக்கை எங்கள் பக்கம் நீட்டியது, முன்காலால் நிலத்தை ஓர் உதை உதைத்து, சீறிவிட்டு, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது. டெப்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டு போனாள். இது என்ன, இவ்வளவு நல்ல வாசம் என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கிழமை முழுக்கக் கலியாண வீட்டுக்குக் கறித்தூள் வறுத்தேன். வீட்டுக்குள் வறுத்தால் திரைச்சீலை எல்லாம் மணக்கும் என்று கராஜில் வைத்துத்தான் வறுப்பேன், உனக்குத் தெரியும். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை. அடுப்புக்கு நேர் மேலே ஆணியில் தொங்கியது என் வேட்டைச் சட்டை! தன்னை என்ன தூள் போட்டுக் காய்ச்சப் போகிறேன் என்று அந்த மானுக்கு முதலே தெரிந்துவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், பிறகு காரில் வரும்போது அழுதேன். சட்டையை அப்பச்சோடாவில் ஊறவைத்துத் துவைத்து டெப்ரா வீட்டில் காயப் போட்டோம். தலைக்கு எண்ணெய் நிறுத்தினேன். அப்பா சாம்பிராணி காட்டிக்கொண்டு வந்தால் நான் பின்கதவால் ஓடினேன்.

இனி நான் சொல்வது ஒருவருக்கும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை நான் வெறுங்கையோடு வந்தபோது, "ஒண்டும் வரேல்லை" என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். வந்தது. முதல் வந்ததைவிடப் பெரியது, கொம்பு இரண்டு பக்கமும் கிளைத்து, கழுத்துத் தடித்து, இடியப்பத் தட்டுத் தூரத்துக்கும் உள்ளே வந்து நின்றது. நான் நாணை இழுத்தேன். விரல் வாயோரத்துக்கு வந்தது, மூக்குத்தி குளிர்ந்தது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன, மானைத் தவிர. அது எனக்கு முகம் கொடுத்து நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. நேர் முன்னால் இருந்து அம்பு விடக்கூடாது. நெஞ்செலும்பில் பட்டுத் தெறிக்கும், இல்லாவிட்டால் வழுகிப்போய்க் காயப்படுத்தும். மான் காட்டுக்குள் ஓடி எங்கேயாவது கிடந்து நாட்கணக்காகச் சாகும். வகுப்பில் படித்தது இது. ஆனால் வகுப்பில் படிக்கும்போது உன் மாமியின் சிரிப்புக் காதில் கேட்கவில்லை. அங்கே கேட்டது. விடு, விடு, பட்டாலும் படும் என்று விரல் சொன்னது. மான் திரும்பட்டும் என்று பார்த்தேன், திரும்பவில்லை. என் முதுகு நடுங்கத் தொடங்கியது. நடுங்கினால் இனி அது என் அம்பு இல்லை. மெல்ல, மெல்ல, நாணை முன்னுக்கு விட்டு இறக்கினேன். அம்பு வில்லிலேயே இருந்தது. மான் இன்னும் கொஞ்ச நேரம் நின்று, சோளத்தை மணந்து பார்த்துவிட்டு, தன் வழியே நடந்து போனது. டெப்ரா என் முழங்காலில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். தம்பி, எனக்குப் பரிசு தந்த ஆட்கள் குறைவு. அந்தக் கையை நான் பரிசாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் நீ வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? சமையலறையில் நின்று கைபேசியில் விறுவிறு என்று எழுதிக்கொண்டிருந்தாய், காது சிவந்திருந்தது. உன் மாமி உண்மையாகவே ஆட்டுக்குச் சொல்லிவிட்டார், தட்டுத் தட்டாகக் கறி வரப்போகிறது என்று நிவேதா உன்னிடம் சொல்லியிருந்தாள். நீ மாமிக்கே நேராக நீட்டி ஒரு செய்தி எழுதினாய். "அம்மா, சீரியஸ்லி? ஷி இஸ் இன்சல்ட்டிங் யூ" என்றாய். நான் உன் கையைப் பிடித்து, "இறக்கு" என்று மட்டும் சொன்னேன். நீ என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய். "என்னத்தை இறக்கிறது?" "கையில கிடக்கிறதை இறக்கடா. அனுப்பாதே." நீ விரலை வைத்து அழித்தாய், ஒவ்வொரு எழுத்தாக, நான் பார்க்கப் பார்க்க. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று இப்போது உனக்குத் தெரிகிறது. நான் காலையில் ஒன்றை இறக்கினேன், நீ மாலையில் ஒன்றை இறக்கினாய். இழுத்துவிட்டோமே என்பதற்காக விட்டுத்தான் ஆகவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. கலியாணம் கட்டினவர்கள் சண்டை பிடிக்காமல் இருக்க முடியாது, நானும் அப்பாவும் பிடிக்காத சண்டையா? சரியான இடம் தெரியாவிட்டால் இறக்கிவிடு. அதில் ஒரு வெட்கமும் இல்லை. எனக்கு அன்று மானைவிட உன்னை நினைத்துத்தான் நெஞ்சு நிறைந்தது, அதைச் சொல்லாமல் நான் ரசத்தைக் கிண்டிக்கொண்டு நின்றேன்.

கடைசிச் சனிக்கிழமை கலியாணத்துக்கு முந்திய சனிக்கிழமை. கலியாண வீட்டு அம்மா விடியப்புறம் காட்டுக்குப் போனாள் என்று பிற்காலத்தில் பேசுவார்கள், பேசட்டும். வீட்டில் கலியாணப் பலகாரம் சுட ஆட்கள் வருமுன் திரும்ப வேண்டும். பனி விழுந்திருந்தது, காற்று எங்கள் முகத்துக்கு நேரே வீசியது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. கால் விறைத்து, இனிக் கிளம்புவோம் என்று டெப்ரா தேத்தண்ணிக் குடுவையை மூடும்போது, இளங்கொம்பன் ஒன்று சோளத் தட்டைகளை மேய்ந்துகொண்டு வந்தது. பெரிய கொம்பில்லை, அனுமதிக்குக் காணும். பக்கவாட்டில் நின்றது, முன்கால் ஓரடி முன்னால், நெஞ்சுக்கூடு திறந்து. எழுந்து நிற்கவில்லை, முழங்காலில்தான் இருந்தேன். வில் பெருவிரலடியில் சும்மா சாய்ந்தது. முதுகு இழுத்தது. மூக்குத்தி குளிர்ந்தது. தோளுக்குப் பின்னால் ஒரு மயிர்ச்சுழி தெரிந்தது, அதைத் தவிர உலகத்தில் எதையும் நான் பார்க்கவில்லை; உன் மாமியும் இல்லை, ஆடும் இல்லை. விரல் எப்போது தளர்ந்தது என்று தெரியாது. அம்பு போன சத்தம் புத்தகத்தை மூடினதுபோல் இருந்தது. மான் ஒரு துள்ளுத் துள்ளியது, ஓடியது, எங்கள் கண் முன்னாலேயே, வேலிக்கு இந்தப் பக்கம் சரிந்தது. வில் பிடித்த என் கை அப்போதும் அப்படியே நீட்டினபடி நின்றது. டெப்ராதான் மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

உடனே ஓடிப் போகக்கூடாது, கொஞ்ச நேரம் விடவேண்டும். இருந்தோம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது அவள், நான் அல்ல. பெரியப்பாவுக்கு அதையும் சொல். பிறகு கிட்டப் போய் அதன் கழுத்தில் கை வைத்தேன். சூடாக இருந்தது. "முருகா" என்றேன், அழுதேன், அந்த அழுகையில் பாவமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது, இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். இத்தனை வருடம் கடையில் பொதி கட்டி வந்த இறைச்சியை ஒரு நினைப்பும் இல்லாமல் கழுவி வெட்டினேன். இதன் ஒரு துண்டையும் நான் வீணாக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. நான் வில்லைத் தலைக்கு மேல் தூக்கி, அந்த வெட்டவெளியில், பலகாரம் சுட ஆட்கள் காத்திருக்க, ஒரு கூக்குரல் போட்டேன். டெப்ராவின் தம்பி என்னவோ ஏதோ என்று வீட்டில் இருந்து ஓடி வந்தார்.

மிச்சத்தை நாலாம் சடங்கன்று நீ கண்டாய். வேண்டாம் வேண்டாம் என்று நின்ற அப்பாதான் சட்டியை எடுத்துக் கறி காய்ச்சினார், அந்தத் தூளையே போட்டு. மான் இறைச்சியில் கொழுப்பில்லை, தேங்காய்ப்பால் கூடுதலாக விடவேண்டும், நெருப்பைக் குறைக்க வேண்டும் என்று ஏதோ பிறந்ததில் இருந்து மான் காய்ச்சினவர்போல எல்லோருக்கும் பாடம் எடுத்தார். ஆட்டுக்கறித் தட்டுகளும் வந்து மேசையில் மூடினபடி இருந்தன. உன் மாமி முதலில் ஒரு துண்டு எடுத்தார், குழந்தைக்கு ஊட்டுகிற அளவு. மென்றார். இரண்டாம் முறை கரண்டியால் எடுத்தார். மூன்றாம் முறை புட்டைப் போட்டுச் சட்டியின் அடியை வழித்தார். அத்தோடு அந்தச் சட்டி வெறும் சட்டி. வீட்டுக்குப் போகும்போது ஆட்டுக்கறித் தட்டுகளைத் தன் கையாலேயே காரில் ஏற்றினார். நான் உதவினேன், மிக மரியாதையாக, ஒரு சொல்லும் சொல்லாமல். தம்பி, அந்த மௌனம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று உனக்கு எழுத்தில் சொல்ல முடியாது.

காரில் ஏறப் போனவர் திரும்பி வந்தார். வாசலில் தொங்கிய வில்லைத் தொட்டுப் பார்த்தார். "மச்சாள், உது எனக்கு இழுபடுமோ?" என்றார். சிரிக்கவில்லை. நான், "உங்களுக்கு உது வேண்டாம், பாரம். என்ரை பழகின வில்லு கிடக்கு. சனிக்கிழமை வாறியளோ?" என்றேன். "வாறன். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு நீளமான ஒரு பெட்டி வருகிறது. மானைக் கொண்ட அம்பு என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதை நான் ஒருவருக்கும் தரமாட்டேன், பஸ் கதை சொல்கிறவர்களுக்குக் காட்டத் தேவைப்படும். பெட்டிக்குள் இருப்பது மற்றது, மஞ்சள் இறகு கட்டினது, பெரிய கொம்பன் முன்னால் நிற்க நான் இறக்கிய அம்பு. கூர்முனையைக் கழற்றிவிட்டேன், பயப்படாமல் பிடி. சமையலறையில் எங்கேயாவது தொங்கவிடு, நீங்கள் இருவரும் அங்கேதான் சண்டை பிடிப்பீர்கள். கோபம் வாயோரத்துக்கு வரும்போது அதை ஒருக்கால் நிமிர்ந்து பாருங்கள். சுவரில் இருக்கிற அம்பால் நான் உன் மாமியை வென்றேன். பெட்டியில் இருக்கிற அம்பால் என்னை வென்றேன்; அதுதான் என் பிள்ளைக்கு.

அம்மா